தலைப்பாகைக்கு எத்தனை பாயின்ட்?

ரோல்-பிளேயிங் கேம் என்றால் என்ன என்று ஆபீஸ் போகிறவர்களுக்கு விளக்குவது சுலபம். ஜூனியர் அஸிஸ்டென்டாகச் சேருகிறீர்கள். வருஷத்துக்கு ஒரு இன்க்ரிமென்ட். டிபார்ட்மென்ட் டெஸ்ட் பாஸானால் அஸிஸ்டென்ட், அப்புறம் சூப்பரின்டெண்ட். லெவல் ஏற ஏற நாற்காலிக்குக் கை முளைக்கும், மேஜை அகலமாகும், எதிரிகளும் பலசாலிகளாவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஆடிட் பார்ட்டி என்கிற மகா அசுரன் வருவான். கடைசியில் சால்வை, மாலை, க்ரூப் போட்டோ. நடுவில் நீங்கள் வீரதீரமாக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சீட்டில் இருந்தால் போதும். லெவல் தானாக ஏறும்.

கம்ப்யூட்டரில் வருகிற ரோல்-பிளேயிங் கேம்களில் முக்கால்வாசி இதேதான். எலியை அடித்தால் பத்து பாயின்ட். நூறு எலி அடித்தால் லெவல் இரண்டு. லெவல் இரண்டில் என்ன வரும்? பெரிய எலி. வாள் மாறும், கவசம் மாறும், மூலையில் இருக்கும் நம்பர் ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஆடுகிற ஆசாமி யார், எந்த ஊர், எந்தத் தெரு, அவனைக் கண்டால் டீக்கடைக்காரர் என்ன முகம் காட்டுவார் என்பதெல்லாம் கடைசிவரை தெரியாது. பேர் என்னவோ 'ரோல்'. நம்ம பாஷையில் வேஷம். வேஷமே கட்டாமல் கூத்தாடச் சொல்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

இந்தச் சமாசாரம் ஆரம்பித்தபோது இப்படி இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்றொருவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, அது போனபின் செருப்பு ரிப்பேர் செய்தவர். அவரும் டேவ் ஆர்னெஸன் என்ற நண்பரும் சேர்ந்து 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். முதல் பதிப்பு ஆயிரம் பெட்டிகள். டிவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காரவேண்டும். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். "கதவை உடைக்கப் போகிறேன்" என்று ஒருத்தர் சொன்னால், உடைந்ததா தோள்பட்டை இறங்கியதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும்.

பகடையைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கவேண்டியதில்லை. வெட்டூர்ணிமடத்திலும் கோட்டாற்றிலும் மத்தியானம் சாப்பாடு முடிந்து திண்ணையில் தாயம் ஆடிய பாட்டிகள், கேம் டிசைனில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தாயம் விழாமல் காய் இறங்காது. எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. மலையில் ஏறி நின்றால் யாரும் தொட முடியாது. (இது எங்கள் தெருச் சட்டம். உங்கள் தெருவில் வேறு மாதிரி இருந்தால் சண்டைக்கு வராதீர்கள்.) ரிஸ்க் எடுக்காமல் ஜெயிக்க முடியாது என்பதை இரண்டே விதியில் சொல்லிவிடுகிறது.

மாறாக, வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடும் பரமபதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு பாவத்தின் பெயர், ஏணிக்குப் புண்ணியத்தின் பெயர். ஆனால் பாவத்தை நீங்களா செய்தீர்கள்? பகடை செய்தது. கடிபட்டுக் கீழே இறங்குவது மட்டும் நீங்கள். தத்துவமாக எடுத்துக்கொண்டால் சரி. விளையாட்டாக எடுத்துக்கொண்டால் அநியாயம்.

சரி, மேஜையில் இருந்த ஆட்டம் கம்ப்யூட்டருக்குள் போனபோது என்ன ஆயிற்று? மேஜையில் கதை சொல்லுகிறவர் மனுஷர். "கதவை உடைக்க மாட்டேன், கதவுக்குப் பின்னால் இருக்கிறவனிடம் கடன் கேட்கப் போகிறேன்" என்று நீங்கள் கோணலாகப் போனாலும் அவர் கூடவே வருவார். நல்ல வில்லுப்பாட்டுப் புலவர், கூட்டம் கொட்டாவி விட்டால் கதையைத் திருப்புகிற மாதிரி. கம்ப்யூட்டருக்கு அது முடியாது. முன்கூட்டியே எழுதிவைத்ததைத்தான் சொல்லும். நீங்கள் எடுக்கக்கூடிய ஒவ்வொரு முடிவுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டும், படம் வரையவேண்டும், குரல் கொடுக்கவேண்டும். பத்து முடிவு என்றால் பத்து மடங்கு செலவு, அதில் ஒன்பதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். எந்த முதலாளிக்கு வயிறு எரியாது? ஆனால் கூட்டல் கழித்தல் கம்ப்யூட்டருக்குச் சல்லிசு. ஆகவே வேஷத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு நம்பரை மட்டும் உள்ளே விட்டார்கள். 1986-இல் ஜப்பானில் வந்த 'டிராகன் க்வெஸ்ட்' இந்த நம்பர் ஏற்றும் வித்தையை அத்தனை பேருக்கும் புரிகிற மாதிரி சுலபமாக்கியது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

நம் ஊரில் இதெல்லாம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. தொண்ணூறுகளில் வடசேரி பக்கம் ஒரு கடையில் ஒரு ரூபாய் காயின் போட்டு நாங்கள் ஆடியது 'முஸ்தபா'. அதன் நிஜப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோஸார்ஸ்' என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரியும். அதில் முஸ்தபா என்று ஒருவன் ஓடிவந்து உதைப்பான். ஆகவே கேமுக்கே அந்தப் பெயர். வீட்டில் டிவியில் மாட்டுகிற பெட்டி இருந்தவர்களுக்கு மரியோவும் கான்ட்ராவும். கேசட்டின் மேல் 'ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம் கேம்ஸ்' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஐந்து. எழுத்தைப் படித்து யோசித்து ஆடவேண்டிய கேம் எதுவும் அந்த ஐந்தில் கிடையாது. எழுத்துள்ள கேம்கள் கம்ப்யூட்டரோடும் சிடியோடும் பிற்பாடுதான் வந்தன.

வந்தபிறகு தேடிப் பார்த்தால், வேஷத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த சில பேர் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

ரிச்சர்ட் காரியட் என்பவர் 1985-இல் 'அல்டிமா' நாலாம் பாகம் செய்தார். அதில் கடைசியில் கொல்லவேண்டிய அரக்கனே கிடையாது. எட்டு நற்குணங்களில் தேறி 'அவதார்' ஆகவேண்டும், அவ்வளவுதான். (ஆமாம், நம்ம அவதாரமேதான். இன்று மூலைக்கு மூலை புழங்குகிற அந்தக் கம்ப்யூட்டர் வார்த்தைக்கு இந்த கேமும் ஒரு வழி.) அதில் கண் தெரியாத ஒரு பெண் மூலிகை விற்கிறாள். எவ்வளவு காசு வைக்கிறோம் என்பது நம் மனசாட்சி. குறைத்து வைத்தாலும் மூலிகை கிடைக்கும், சத்தமே இருக்காது. ஆனால் உங்கள் நேர்மைக் கணக்கில் உள்ளுக்குள் கழிந்துகொண்டிருக்கும். பின்னால் தெரியவரும்போது எத்தனை தடவை குறைத்து வைத்தோம் என்று நமக்கே ஞாபகம் இருக்காது. கேமுக்கு இருக்கும்.

1995-இல் ஜப்பானிலிருந்து வந்த 'க்ரோனோ ட்ரிகர்' இன்னும் குறும்பு. ஆரம்பத்தில் ஒரு திருவிழா. மேஜைமேல் யாருடையதோ சாப்பாடு இருக்கும். பசிக்கு எடுத்துத் தின்றுவிடுவீர்கள். கேம்தானே! சில மணி நேரம் கழித்து உங்களைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார்.

1997-இல் 'ஃபாலவுட்'. அதில் புத்திசாலித்தனத்தை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் உங்கள் ஆள் வாயைத் திறந்தாலே 'ம்ம்', 'ஆங்' என்றுதான் வரும். ஊரார் அதற்கேற்ற மாதிரி நடத்துவார்கள். நம்பர் என்பது அங்கே வெறும் நம்பர் இல்லை, நாக்கு. 2019-இல் எஸ்டோனியாக்காரர்கள் செய்த 'டிஸ்கோ எலிஸியம்' இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. குடித்துவிட்டு ஞாபகமெல்லாம் தொலைந்த ஒரு போலீஸ்காரர். ஃபேனில் சுற்றிக்கொண்டிருக்கும் தன்னுடைய டையை எட்டி எடுக்கப்போய் மாரடைப்பில் செத்துப்போகலாம், கேம் ஆரம்பித்த சில நிமிஷத்தில்! எலி, வாள் எதுவும் இல்லை. மனுஷர்கள்தான்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் 2011-இல் வந்த 'ஸ்கைரிம்'. பிரமாண்டமான உலகம், மலை, பனி. நானே அதில் இருநூறு மணி நேரம் கரைத்திருக்கிறேன். உலகத்தை அழிக்க டிராகன் வந்துவிட்டது, உடனே ஓடு என்கிறார்கள். நீங்கள் பூப்பறிக்கப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், வீடு கட்டலாம். டிராகன் வழியில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்கும். 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதின ஃபைல் மூன்று மாசம் மேஜையில் தூங்குகிறதே, அதே கேஸ்.

ஆபீஸ்காரர்கள் கட்டாயம் ஆடவேண்டியது 2013-இல் லூகாஸ் போப் தனி ஆளாகச் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. கறாராகச் சொன்னால் இது ரோல்-பிளேயிங் வகையில் வராது. ஆனால் இதைவிட நல்ல ரோல் எனக்குத் தெரிந்து இல்லை. நீங்கள் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. பார்த்த தலைக்கு இவ்வளவு என்று சம்பளம், தப்பு செய்தால் பிடித்தம். ராத்திரி வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்கு அடுப்பு. ஒரு நாள் ஒருத்தர் வருவார், எல்லா பேப்பரும் சரி. "பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு பண்ணுங்கள்" என்பார். மனைவியிடம் ஒரு பேப்பர் குறையும். கையில் இரண்டு ரப்பர் ஸ்டாம்ப், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. இந்த இடத்தில் எனக்கு வியர்த்தது மாதிரி எந்த டிராகன் முன்னாலும் வியர்த்ததில்லை.

என் ஆபீஸில் பக்கத்து சீட் அண்ணாச்சியிடம் இதை விவரித்தேன்.

"அப்போ ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போயி, மறுபடியும் கம்ப்யூட்டர்ல ஆபீஸ் பாக்கியா? சவம், இதுக்கு ஓவர்டைமாவது கேட்டு வாங்கியிருக்கலாம்லா தம்பி?" என்றார்.

"விசயம் அதில்லெ அண்ணாச்சி. நம்ம எடுக்க முடிவுக்கு ஒரு வெல இருக்கணும்."

"வெல உண்டுல்லா. கரண்டு பில்லு."

அண்ணாச்சி அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி போயிருக்கும். என் மொபைலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கேமை எட்டிப் பார்த்து, "இது என்னடே, தலைக்கு, கழுத்துக்கு, காலுக்குன்னு கட்டம் கட்டமா?" என்று கேட்டார்.

அதுதான் 'எக்விப்' மெனு. எல்லா ரோல்-பிளேயிங் கேமிலும் இருக்கும். தலைக்கு ஒரு கட்டம், மார்புக்கு ஒரு கட்டம், காலுக்கு, கைக்கு. தலைக்கட்டத்தில் தொப்பி வைத்தால் ப்ளஸ் இரண்டு, இரும்புக் குல்லாய் வைத்தால் ப்ளஸ் ஐந்து. காலில் பூட்ஸ் போட்டால் வேகம் கூடும். எது கிடைத்தாலும் போட்டுக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"எங்க தாத்தாக்க தாத்தா காலத்துல தலைக்கட்டத்துல துண்டு வச்சா என்ன ஆவும் தெரியுமாடே?" என்றார் அண்ணாச்சி. அவர் சாமித்தோப்புப் பக்கம்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கிறது சாமித்தோப்பு. அய்யா வைகுண்டர் (1809-1851) பதி. இன்றைக்கும் ஆண்கள் அங்கே தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வணங்குகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு சம்பிரதாயமாகத் தெரியும். ஆனால் அய்யா அதைச் சொன்னது திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில், ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் தலையில் துணி கட்டுவதே திமிர் என்று கருதப்பட்ட காலத்தில். அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். அந்த எக்விப் மெனுவில் தலைப்பாகைக்கு என்ன நம்பர் போடுவீர்கள்? ப்ளஸ் ஐந்தா? மைனஸ் ஐம்பதா? அது கவசம் இல்லை. அடி வாங்கித் தருகிற பொருள். அப்படியும் கட்டினார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு எந்த கேமும் சரியாக ஓடவில்லை. சாமுவேல் மெட்டீர் என்ற மிஷனரி 1871-இல் 'லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்று திருவிதாங்கூரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் அன்று சாணார் என்று எழுதப்பட்ட நாடார்களுக்கு என்னென்ன தடை என்று ஒரு பட்டியலே உண்டு. குடை பிடிக்கக்கூடாது. (தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊரில்!) காலில் செருப்பு கூடாது. தங்க நகை கூடாது. மாடி வீடு கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கக்கூடாது. தோளில் சீலை போடக்கூடாது. அப்படியே ஒரு கேமின் மெனுவாக நினைத்துப் பாருங்கள். கட்டங்கள் எல்லாம் இருக்கின்றன, பொருள்களும் சந்தையில் இருக்கின்றன. தொட்டால் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெருக்கல் குறி.

கேம் செய்கிறவர்கள் 'ஹிட்-பாக்ஸ்' என்று ஒன்று சொல்வார்கள். ஒவ்வொரு ஆளையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. வாள் அந்தப் பெட்டியைத் தொட்டால் அடி விழுந்ததாகக் கணக்கு. இங்கே ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று கணக்கே இருந்தது. அதாவது அவர்களுடைய பெட்டி அத்தனை பெரிசு. நடுரோட்டில் எதிரே ஒருத்தர் வந்தால் நீங்கள் வயலில் இறங்கியாக வேண்டும்.

அப்புறம் மேப். இப்போதெல்லாம் 'ஓப்பன் வேர்ல்ட்' என்பதுதான் விளம்பரத்தில் பெரிய எழுத்து. கண்ணுக்குத் தெரிகிற மலை எதுவானாலும் ஏறலாம் என்பார்கள். நம்மூர் மேப்பில் சுசீந்திரம் கோயிலைச் சுற்றி இருக்கும் வீதிகளில் எல்லோரும் நடப்பதற்கே 1926-இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். தெரிகிறதே என்று போய்விட முடியுமா?

'கேரக்டர் க்ரியேஷன்' என்று முதல் ஸ்க்ரீனில் வருமே, மனுஷனா, குள்ளனா, காட்டுவாசியா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி. அதை ஆற அமர உட்கார்ந்து ரசித்துச் செய்வோம். மூக்கு நீளத்துக்கு அரை மணி நேரம். அந்த ஸ்க்ரீனை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பகடையை உருட்டிப் பிறப்பைக் கொடுத்துவிட வேண்டும். பரமபதத்தின் அநியாயம் சரியாகப் பொருந்துகிற ஒரே இடம் அது.

இந்த மாதிரி யாராவது செய்திருக்கிறார்களா என்று கேட்டால், பக்கத்தில் வந்திருக்கிறார்கள். 2014-இல் 'அன்ரெஸ்ட்' என்று ஒரு ரோல்-பிளேயிங் கேம். பைரோடாக்டில் என்ற சின்ன இந்தியக் குழு. ஜனங்களிடம் முன்பணம் திரட்டிச் செய்தது. பழங்கால இந்தியாவை மாதிரியாக வைத்த பீம்ரா என்ற கற்பனை நகரம், அங்கே பஞ்சம். ஒரு அத்தியாயத்தில் நீங்கள் இளவரசி, இன்னொன்றில் அவசரமாகக் கல்யாணம் செய்துவைக்கப்படும் கிராமத்துப் பெண். கத்தியைவிடப் பேச்சுக்குத்தான் வேலை அதிகம். கிராமத்துப் பெண்ணுக்கு இளவரசியின் வாக்கியங்கள் கிடைக்காது. படம் வரைந்த விதம் சுமார், நீளம் குறைவு, ஆனால் பிறப்பு என்பது நம்பர் இல்லை, திறக்கிற கதவும் திறக்காத கதவும்தான் என்று புரிந்துவைத்திருந்தார்கள்.

2020-இல் புனேக்காரர்களின் 'ராஜி' வந்தது. அழகோ அழகு. கதை சொல்லும் இடங்களில் நிழல் பொம்மைகளை ஆடவிட்டிருந்தார்கள். குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து நடத்திய மண்டிகர் குடும்பங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கும். ஆனால் மற்ற இடமெல்லாம் சண்டை, சண்டை, சண்டை. வேஷம் அழகு, நடிக்க விடவில்லை.

தமிழில் நடந்த நல்ல காரியம் 2023-இல் டொரான்டோவிலிருந்து வந்த 'வெண்பா'. 1988-இல் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். அம்மாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு, பாதி கிழிந்தும் அழிந்தும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். புட்டும் உண்டு. (புட்டுக்குட்டியில் மாவு எப்போது, தேங்காய் எப்போது என்பதில் நம் மாவட்டத்துக்காரர் யாரும் ஃபெயிலாக வாய்ப்பில்லை.) பையன் இங்கிலீஷில் முணுமுணுத்தால் ஸ்க்ரீனில் எழுத்து மங்குகிறது, அம்மாவுக்குப் பிடிபடாததால். ஒரு வாள் இல்லை, ஒரு லெவல் இல்லை. ஆனால் ஆடுகிற ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி நீங்கள் அந்தப் பொம்பளைதான். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா, முதல் படைப்புக்கான பரிசை அதற்குக் கொடுத்தது. நோட்டுப் புத்தகத்தில் அழிந்துபோன ஒரு வரி, இருபது டிராகனுக்குச் சமம் என்று யாரோ ஒரு ஜட்ஜுக்கும் தோன்றியிருக்கிறது.

ஆகவே நாஞ்சில் நாட்டுக் கதை ஒன்றை கேமாகச் செய்ய முடியாது என்று யாரும் சொல்லாதீர்கள். என்னிடம் ஒரு வரைபடமே இருக்கிறது. காலம் 1822 முதல் 1859 வரை, தோள்சீலைப் போராட்டம் விட்டுவிட்டு எரிந்த வருஷங்கள். பகடை உருட்டியதும் ஒரு ஆட்டத்தில் நீங்கள் பனையேறி. காலையில் ஏற்றம், சாயங்காலம் ஏற்றம், அக்கானி இறக்கி வந்தால் வீட்டில் கருப்பட்டி காய்ச்சுவார்கள். எங்கே பிடிப்பது, எப்போது மூச்சு வாங்குவது என்பதற்கு விரல் பழகவேண்டும். நடுவில் சர்க்கார் ஆள் வந்து கூலியில்லாத ஊழியத்துக்குக் கூப்பிடுவான். அன்றைய அக்கானி புளித்துப் போகும். இன்னொரு ஆட்டத்தில் நீங்கள் அவனைக் கூப்பிடப் போகிற சர்க்கார் ஆள். போகாவிட்டால் உங்கள் வேலை போகும். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஞாபகம் வருகிறதா?

மூன்றாவது ஆட்டத்தில் நீங்கள் ஒரு பெண். நாகர்கோவில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனால் குப்பாயம் என்கிற ரவிக்கை தைக்கக் கற்றுக்கொள்ளலாம். கிறிஸ்தவர்களாக மாறியவர்கள் குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்று 1829-இல் ஓர் அரசாணை. அதாவது ஒரே உடம்பு, ஒரே கட்டம், மதம் மாறினால் ஒரு பொருள் பச்சையாகிறது, இன்னொன்று சிவப்பாகவே இருக்கிறது. நம் அம்மா மாறவில்லை, நாம் மாறியிருக்கிறோம் என்றால் வீட்டுக்குள் என்ன பேச்சு நடக்கும்? எழுதுகிறவருக்குச் சரியான வேலை அங்கேதான். சந்தைக்குத் தோள்சீலையோடு போகலாமா, கழற்றி மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு போகலாமா? 1858, 59-இல் சந்தைகளில் சீலையைக் கிழித்தார்கள். இதற்கு 'சேவ்' பண்ணி, தோற்றால் திரும்ப 'லோட்' பண்ணும் வசதி வைக்கக்கூடாது. வைத்தால் மூன்றாவது தடவையில் நீங்கள் பயப்பட மாட்டீர்கள். பயம் போனால் கேமே போச்சு.

ஒரு கஷ்டம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. விளையாட்டு என்றால் சந்தோஷத்துக்கு. ஒருத்தருடைய பாட்டியின் அவமானத்தை இன்னொருத்தர் பொழுதுபோக்க பட்டன் அமுக்கி ஆடுவதா? அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வில்லுப்பாட்டுல ராத்திரி முழுக்க யாரு கதைய பாடுதான்? கொலைப்பட்டவன் கதை, ஏமாத்திக் கொன்ன பொம்பள கதை. பாட்டு இல்லாம, குடமடி இல்லாம பாடுதானா? பாடுதவன் ஒழுங்கா பாடணும், அவ்வளவுதான்" என்றார். "ஆனா அய்யாவ பட்டன் வச்சு ஆட்டாத கேட்டியா!"

அது எனக்கும் சம்மதம். அய்யா வைகுண்டரை ஆடுகிறவர் கையில் கொடுக்க முடியாது. அவர் தூரத்தில் இருக்கட்டும். முத்திரிக் கிணற்றடியில் எல்லாச் சாதியும் ஒன்றாய்த் தண்ணீர் இறைக்கிற கூட்டத்தில் நீங்களும் ஒருவராய் நின்றால் அவர் குரல் கேட்கட்டும். போதும்.

கேம் முடிவு என்னவென்று கேட்பீர்கள். அதை நான் கற்பனை செய்யவேண்டியதில்லை. சென்னை கவர்னர் ட்ரெவல்யன் அழுத்தம் கொடுத்தபின் 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக்கூடாது. கட்டத்தில் சிவப்புக் குறி மறைந்து பச்சை வரும், கூடவே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை. ஸ்க்ரீனில் பேர்கள் ஓட ஆரம்பிக்கும். பேர்கள் ஓடும்போது பின்னால் மேப்பைக் காட்டவேண்டும். அதில் சுசீந்திரம் கோயில் வாசல் அப்போதும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், 1936 நவம்பர் 12 வரைக்கும்.